மலையக மண்ணுக்கு எருவா, மூட்டை உரமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவில் கரட், லீக்ஸ் போடுபவர்கள், வெலிமடையில் உருளைக்கிழங்கு செய்பவர்கள், ஓரிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள், தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கட்டியிருப்பவர்கள் எல்லாரும் மாறி மாறிக் கேட்கும் கேள்விகள் இவை. மாடு, ஆடு, கோழியிடமிருந்து வருவதை எரு என்றும், கடையில் மூட்டையாக வாங்கும் இரசாயனப் பசளையை உரம் என்றும் எழுதியிருக்கிறேன்.

எருவா, உரமா? ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

ஒரே பதில் கிடையாது. உரம் பயிருக்குச் சத்துக் கொடுக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. எரு சத்துக் கொஞ்சமாகத்தான் கொடுக்கும், ஆனால் மண்ணைத் திருத்தும். நம் மலைகளில் பெரும்பாலும் இருப்பது சிவப்பும் மஞ்சளும் கலந்த களிமண். காலங்காலமாகப் பெய்த மழை அதிலிருந்த கல்சியம், மக்னீசியத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய களிக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. அந்த வேலையைச் செய்வது மண்ணில் மக்கிக் கிடக்கும் கரிமப் பொருள்தான். அது இல்லாத மண்ணில் போட்ட உரத்தில் பாதி அடுத்த மழையோடு ஓடைக்குப் போகும்.

ஒரு வசதி நமக்கு உண்டு. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான் இருக்கிறது. அநுராதபுரத்து வெயிலில் ஒரே போகத்தில் கரைந்துபோகும் எரு இங்கே மெதுவாகத்தான் சிதையும். போட்டது தங்கும். அளவுக்கு மீறிப் போட்டாலும் தங்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் மலையகத்தின் உண்மையான சிக்கல் எருவா உரமா என்பதல்ல. மரக்கறி நிலத்தில் இரண்டும் தேவைக்கு மேல் கொட்டப்படுகின்றன. தேயிலை மலைக்கோ எரு என்ற ஒன்றே போய்ச் சேர்வதில்லை. கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றித்தான்.

யூரியா போட்டால் மண் செத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

செத்துப்போகாது, புளித்துப்போகும். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். மண்ணுக்குள் அது முதலில் அமோனியமாக மாறும். பிறகு பக்டீரியாக்கள் அதை நைத்திரேற்றாக்கும்போது அமிலம் வெளிப்படும். பயிர் அந்த நைத்திரேற்றை உறிஞ்சிக்கொண்டால் அமிலத்தில் ஒரு பகுதி சமமாகிவிடும். மழை நைத்திரேற்றை இழுத்துக்கொண்டு போனால் அமிலம் மட்டும் நம் மண்ணில் தங்கும். அமோனியம் சல்பேட் இன்னும் மோசம். பழைய கணக்கின்படி அதில் 100 கிலோ போட்டால் புளிப்பைச் சரிக்கட்ட 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். யூரியாவுக்கு அது 80 கிலோவை ஒட்டி வரும்.

மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச் எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5க்குக் கீழே இறங்கினால் களியிலிருக்கும் அலுமினியம் கரைந்து வெளியே வரும். அலுமினியம் பட்ட வேர் நீளாது, நுனி கட்டையாகித் தடித்து நிற்கும். தேயிலைக்கு இது பிரச்சினையே இல்லை. 4.5 முதல் 5.5 வரையான பி.எச்தான் அதற்குப் பிடிக்கும், அலுமினியத்தை இலையில் சேர்த்து வைத்துக்கொண்டும் நன்றாக வளரும். கோவா, பீட்ரூட், லீக்ஸ், போஞ்சி அப்படியல்ல. அவற்றுக்கு 5.5க்கு மேல், முடிந்தால் 6க்கு மேல் வேண்டும். ஒரு காலத்தில் தேயிலை நின்ற மலையைத் திருத்தி மரக்கறி போடுபவர்கள் முதலில் இடறி விழுவது இங்கேதான். எவ்வளவு உரம் போட்டும் செடி எழும்பாது, ஆளோ இன்னும் ஒரு மூட்டை வாங்கக் கடைக்குப் போவார்.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை போட்டு, ஒரு பகுதிக்கு எருவும் ஒரு பகுதிக்கு உரமும் இட்டு வருகிறார்கள். உரம் மட்டும் இட்ட பகுதி இன்றும் விளைகிறது, மண் சாகவில்லை. ஆனால் அந்த வயலில் பழைய காலத்திலேயே ஏராளமான சுண்ணாம்பு கலந்திருந்தார்கள். அந்தக் கையிருப்பு நம் மலைக்கு இல்லை.

எரு போட்டால் மண் புளிக்காதா?

மாட்டெருவில் கல்சியமும் மக்னீசியமும் இருப்பதால் பெரும்பாலும் புளிப்பு ஏறாது, கொஞ்சம் இறங்கவும் செய்யும். முட்டைக் கோழியின் எருவில் கல்சியம் இன்னும் அதிகம், முட்டை ஓட்டுக்காகத் தீனியில் சிப்பித்தூள் சேர்ப்பதால். அதற்காக எருவையே டொலமைட்டாக, அதாவது புளிப்பை எடுக்கப் போடும் சுண்ணாம்புத் தூளாக, நினைத்துவிட வேண்டாம்.

டொலமைட் எப்போது, எவ்வளவு?

எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். பக்கத்துத் தோட்டக்காரர் போட்ட அளவு உங்கள் மண்ணுக்குப் பொருந்தாது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தூவி, மண்வெட்டியால் கலந்துவிடுங்கள். மேலே தூவி அப்படியே விட்டால் மேல் அங்குலத்தோடு நின்றுவிடும். யூரியா, அமோனியம் சல்பேட், பச்சைக் கோழி எரு, இவற்றோடு ஒரே நாளில் போடக் கூடாது. நைதரசன் அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும். மூக்கை அரிக்கும் அந்த வாடை உங்கள் காசின் வாடை.

உருளைக்கிழங்குக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி.எச் 5.5க்கு மேல் ஏற ஏறக் கிழங்கின் தோலில் சொறி நோய் கூடும். கோவாவும் கிழங்கும் மாற்றி மாற்றிப் போடும் நிலத்தில் டொலமைட்டைக் கோவாவுக்கு முன்னால் போடுங்கள், கிழங்குக்கு முன்னால் வேண்டாம். தேயிலையில் பொதுவாகக் செடியைக் கத்தரித்துவிடும் கவ்வாத்துச் சுற்றுக்கு ஒரு தடவை போடுவார்கள்.

நுவரெலியாவில் எல்லாரும் லொறி லொறியாகக் கோழி எரு இறக்குகிறார்கள். நானும் இறக்கலாமா?

இறக்கலாம். எத்தனை லொறி என்பதுதான் கேள்வி.

கோழி எரு வேகமான எரு. அதிலிருக்கும் நைதரசனில் பெரும்பகுதி முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடும். குருநாகல், சிலாபம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து உமியோடு வருவதால் மண்ணும் பொலபொலப்பாகும். இத்தனை தூரம் லொறிக்கூலி கொடுத்தும் ஆட்கள் வாங்குகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

சிக்கல் பொஸ்பரஸில் இருக்கிறது. ஓரளவு காய்ந்த கோழி எரு ஒரு டொன்னில் ஏறக்குறைய 25 கிலோ நைதரசன் இருக்கும். பொஸ்பேட்டும் அதே அளவுக்கு இருக்கும், அதாவது டி.எஸ்.பி என்ற பொஸ்பேட் உரத்தின் 50 கிலோ மூட்டை ஒன்றில் இருப்பது. பயிர்கள் கேட்பதோ பொஸ்பேட்டைப் போல மூன்று நாலு மடங்கு நைதரசன். ஆகவே நைதரசன் தேவையைக் கோழி எருவால் நிரப்பப் போனால் பொஸ்பேட் தேவையைப் போல மூன்று மடங்கு விழுகிறது. அதற்கு மேல் வழக்கம் விடாமல் டி.எஸ்.பியும் போடுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று போகம், பல வருடங்கள். மலைநாட்டு மரக்கறி மண்களைச் சோதித்த ஆய்வாளர்கள் பொஸ்பரஸ் குவிந்து கிடப்பதைத் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள்.

‘சிவப்பு மண் பொஸ்பரஸைக் கட்டிப்போடும், அதனால் கூடுதலாகப் போடத்தான் வேண்டும்’ என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். புது மண்ணில் அது சரி. மண்ணிலிருக்கும் இரும்பும் அலுமினியமும் பொஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடிக்கும் இடங்களுக்கு ஓர் எல்லை உண்டு. முப்பது வருடம் கொட்டிய நிலத்தில் அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. இனிப் போடுவது செடிக்கும் இல்லை, மண்ணுக்கும் இல்லை. மண் கரைந்து ஓடும்போது கூடவே போய் ஓடையிலும் நீர்த்தேக்கத்திலும் பாசியை வளர்க்கிறது. கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் நச்சுப் பாசி பெருகி நீர் பச்சையானது நினைவிருக்கலாம். பொஸ்பரஸ் கூடினால் நாகம் எனப்படும் துத்தநாகத்தைச் செடி எடுப்பதும் குறையும். வேரோடு ஒட்டி வாழும் நல்ல பூஞ்சைகளும் ஒதுங்கிவிடும்.

மரக்கறிக்குச் சேதன எரு ஹெக்டயருக்கு 10 டொன் என்பது விவசாயத் திணைக்களம் வழக்கமாகச் சொல்லும் அளவு. நம் கணக்கில் பேர்ச்சுக்கு (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) 25 கிலோ. முழுக்கவும் கோழி எருவாக வேண்டாம், பாதியாவது மாட்டெருவோ, குப்பையை மக்கவைத்த கூட்டெருவோ இருக்கட்டும்.

அப்படியானால் டி.எஸ்.பியை அடியோடு நிறுத்திவிடலாமா?

மண் சோதனையில் பொஸ்பரஸ் மிக அதிகம் என்று வந்தால், கோவாவுக்கும் கரட்டுக்கும் தைரியமாகக் குறைக்கலாம். உருளைக்கிழங்கின் வேர் ஆழமும் அகலமும் குறைந்தது. குளிர்ந்த மண்ணில் தொடக்கத்தில் திணறும். அதற்கு மட்டும் நடும் காலில் ஒரு சிறிய அளவு வைத்துப் பாருங்கள். எதையும் முதலில் இரண்டு பாத்தியில் செய்து பார்த்துவிட்டு முழு நிலத்துக்கும் போங்கள். சோதனை செய்யாமல், இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம்.

பச்சைச் சாணியை, பச்சைக் கோழி எருவை அப்படியே போடலாமா?

வேண்டாம். பச்சைக் கோழி எருவின் அமோனியாவில் நாற்றின் வேர் கருகும். கரட் கிளைவிட்டுக் கோணலாகும், அப்படிப்பட்டதை வியாபாரி ஒதுக்கிவிடுவார். ஈ மொய்ப்பதைப் பற்றி நுவரெலியாவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பச்சை எருவில் ஈ.கோலை, சல்மொனெல்லா கிருமிகள் இருக்கக்கூடும். சலாது, கரட் மாதிரிப் பச்சையாகச் சாப்பிடும் பயிர்களுக்கு, பச்சை எரு போட்ட நாளுக்கும் அறுவடைக்கும் இடையில் 120 நாள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இயற்கை விவசாய விதி சொல்கிறது. கரட்டோ மூன்று மாதத்தில் வந்துவிடும். கணக்கு ஒத்துவராது.

மக்க வையுங்கள். குவியல் இடுப்பளவு உயரமாவது இருக்கட்டும், சின்னக் குவியல் நம் குளிரில் சூடேறாது. உள்ளே 55 பாகைக்கு மேல் சில நாள் நின்றால்தான் கிருமியும் களை விதையும் அழியும். வெப்பமானி தேடவேண்டாம். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்திவைத்து, கொஞ்ச நேரம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் வேலை நடக்கிறது. ஆறினால் புரட்டிப் போடுங்கள். மேலே ஒரு படங்கு கட்டாயம். மூடாத குவியலில் மழை விழுந்தால் கரிய சாறாக வழிந்து போவதுதான் அதன் சத்து. நுவரெலியாக் குளிரில் மூன்று மாதம் எடுக்கும், கண்டிப் பக்கம் அதைவிடச் சீக்கிரம்.

மாட்டெருவில் உண்மையில் எவ்வளவு சத்து? உரத்துக்குப் பதிலாக அது மட்டும் போதாதா?

ஈரத்தோடு இருக்கும் சாதாரண மாட்டெருவில் நைதரசன் அரை சதவீதம் அளவு. ஒரு டொன்னில் 5 கிலோ. அது 11 கிலோ யூரியாவுக்குச் சமம், அதிலும் முதல் போகத்தில் கையில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் குறைவு. மீதி அடுத்தடுத்த போகங்களுக்கு வந்துகொண்டிருக்கும்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். அதை மாட்டெருவால் கொடுக்க 4.6 டொன் வேண்டும். லொறி வரும் பாதையோர நிலம் என்றால் முடியும். பாதையே இல்லாத மலைக்கு 4.6 டொன்னை யார் தலையில் சுமப்பது?

அதனால்தான் 2021இல் இயற்கை விவசாயம் தோற்றதா?

அந்த வருடம் மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, நவம்பரில் கைவிட்டது. இடையில் பயிரும் காய்ந்தது, மனிதர்களும் காய்ந்தார்கள். இலங்கையின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறக்குறைய 29.9 கோடி கிலோ, 2022இல் 25.1 கோடி கிலோ. உரத்தட்டுப்பாடு அதற்கு ஒரே காரணமல்ல, பெரிய காரணம்.

தோற்றது எரு அல்ல. மேலே சொன்ன 4.6 டொன் கணக்கைப் போட்டுப் பார்க்காத முடிவு. நாட்டில் அத்தனை மாடும் இல்லை, அத்தனை கூட்டெருவும் இல்லை. அவசர அவசரமாகக் கடைகளுக்கு வந்த ‘சேதனப் பசளை’ மூட்டைகள் சிலவற்றில் பாதி மக்காத குப்பையும் கல்லும் இருந்தன. மண்ணைப் பழக்கி, உரத்தைப் படிப்படியாகக் குறைப்பதற்கு வருடங்கள் வேண்டும். சிலருக்கு அந்த ஆறேழு மாதத்தில் எரு என்ற சொல்லே கசந்துபோனதுதான் எனக்கு வருத்தம்.

தேயிலைக்கு எரு போடலாமா?

போட்டால் மிக நல்லது, ஆனால் சுமக்க முடியாது என்பதைப் பார்த்தோம். தேயிலை இலைப் பயிர். 100 கிலோ தேயிலைத் தூள் தொழிற்சாலையிலிருந்து போனால் 4 கிலோ நைதரசன் மலையை விட்டுப் போகிறது. கொழுந்து எடுக்க எடுக்க அதை ஈடுசெய்ய உரம் வேண்டியிருக்கிறது, அதை மறுப்பதில் அர்த்தமில்லை.

எருவின் மற்ற வேலையை, அதாவது மண்ணுக்குக் கரிமப் பொருள் சேர்ப்பதை, மலையிலேயே கிடப்பதை வைத்துச் செய்யலாம். முதலாவது கவ்வாத்து. வெட்டிய மிலாறும் (குச்சியும் கிளையும்) இலையும் மலையிலேயே கிடந்தால் ஏக்கர் கணக்கில் டொன் கணக்காகக் கரிமப் பொருள் ஒரு சதம் செலவில்லாமல் மண்ணுக்குத் திரும்பும். தலவாக்கலையிலிருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் மலையிலேயே விடச் சொல்கிறது. ஆனால் மிலாறுதான் லயத்து அடுப்பு. எரிவாயு சிலிண்டர் விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் மலையிலிருந்து கூடுதல் மிலாறு இறங்கும். அதைக் கட்டிக்கொண்டு போகும் அக்காவிடம் ‘மண்ணுக்கு விட்டுவிட்டுப் போ’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேறு விறகு இல்லாதவரை இந்த யோசனைக்கு அரை மதிப்புத்தான். தடித்த மிலாறை எடுத்துக்கொண்டு, சிறு கிளையையும் இலையையும் உதறிவிட்டுப் போனாலே பாதி வெற்றி. சத்து அதிகம் இருப்பதும் இலையில்தான்.

இரண்டாவது நிழல் மரம். முள்முருங்கையை வெட்டும்போது தழையைத் தேயிலை அடியில் பரப்புவது பழைய பழக்கம், நல்ல பழக்கம். மூன்றாவது, பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்கு முன் ஒன்றரை இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து வெட்டிப் போடுவது. சிறு தோட்டக்காரர்கள் வருமானம் நிற்கிறதே என்று அதைத் தாண்டிவிடுகிறார்கள். புரிகிறது, ஆனாலும் பத்து வருடம் கழித்துச் செடி சொல்லும்.

எப்பாவல பொஸ்பேட் மரக்கறிக்கு ஆகுமா?

அநுராதபுர மாவட்டத்து எப்பாவலயில் தோண்டும் பாறைத்தூள் அது, மிக மெதுவாகத்தான் கரையும். புளிப்பு மண்ணில்தான் ஓரளவு கரையும் என்பதால் வருடக்கணக்கில் நிற்கும் தேயிலைக்குப் பொருத்தம். மூன்று மாதப் பயிரான மரக்கறிக்கு அது எழுந்து வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும்.

உரம் மழைக்கு முன்பா, பின்பா?

மழை பெய்து மண் நனைந்த பிறகு, அடுத்த பெருமழைக்கு முன்பு. காய்ந்த மண்ணின் மேல் யூரியா கிடந்தால் அமோனியாவாகப் பறக்கும், கொட்டும் மழையில் போட்டால் கரைந்து ஓடும். ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.

சரிவில் இதைவிடப் பெரிய விஷயம் கான், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால். மேல் மண்ணில்தான் எருவும் இருக்கிறது, உரமும் இருக்கிறது. அதுவே கீழே போனால் எது போட்டு என்ன? கோப்பிக் காலத்திலிருந்து இந்த மலைகள் மண்ணை இழந்துகொண்டிருக்கின்றன. 1951இலேயே மண் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் வந்தது, 25ஆம் இலக்கச் சட்டம். ஆனால் இன்றும் மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டுபவர்களைப் பார்க்கலாம், தண்ணீர் தேங்காமல் கிழங்கு அழுகாது என்று. மலைக்குக் குறுக்கே பாத்தி கட்டி, கான் வெட்டி, கானில் சேரும் வண்டலை அள்ளி மறுபடி மேலே போடுங்கள். அந்த வண்டல் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய உரம்.

கோவா வேர் வீங்கி முடிச்சு முடிச்சாக இருக்கிறது. எரு போதாமலா?

இல்லை, அது வேர்வீக்க நோய். புளித்த, ஈரம் நிற்கும் மண்ணில் பெருகும். டொலமைட் போட்டு பி.எச்சை 7க்குக் கிட்டக் கொண்டுபோனால் அடங்கும், முழுதாக ஒழியாது. நோயின் வித்துகள் மண்ணில் பல வருடம் கிடக்கும். இதில் எருவுக்கும் ஒரு பங்கு உண்டு. வீங்கிய வேரை மாட்டுக்குப் போட்டால் வித்து மாட்டின் வயிற்றைத் தாண்டி உயிரோடு சாணியில் வரும், அந்தச் சாணி புதுப் பாத்திக்கும் நோயைக் கொண்டுபோகும். பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்த இடத்தில் சில வருடம் கோவா, ராபு, நோகோல் வேண்டாம்.

உரத்தால் சிறுநீரக நோய் வருமா?

காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990களில் கவனத்துக்கு வந்தது வட மத்திய மாகாணத்தில், உலர் வலயத்தில். காரணம் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. நிலத்தடி நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், வெயில், விவசாய இரசாயனங்கள் என்று பலதும் சொல்லப்படுகின்றன. மலையகத்தில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. மரக்கறிச் சரிவுக்குக் கீழே இருக்கும் ஊற்றிலும் கிணற்றிலும் சேரக்கூடிய நைத்திரேற்று. கற்பிட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் கிணறுகளில் அது ஏறியது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அப்படிப்பட்ட ஊற்றுத் தண்ணீரைச் சோதிப்பது நல்லது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நைத்திரேற்று உரத்திலிருந்து மட்டும் வருவதில்லை, அளவு மீறிய எருவிலிருந்தும் வரும்.

மாடு இல்லை, கோழி இல்லை, லயத்துக்குப் பின்னால் ஐந்து பேர்ச் இருக்கிறது. என்ன செய்ய?

பண்டாரவளை, வெலிமடை வீதியோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டு சூரியகாந்தியை வெட்டி வாருங்கள். அதன் இலையில் நைதரசனும் பொட்டாசியமும் தாராளம். பூக்கும் முன் வெட்டினால் விதை வராது. நறுக்கிப் பாத்தியில் புதைத்து இரண்டு மூன்று வாரம் விட்டு நடலாம். கண்டி, மாத்தளைப் பக்கம் கிளிரிசீடியா அதே வேலையைச் செய்யும், நுவரெலியாக் குளிருக்கு அது சரிவராது. வேலியோரம் வைக்கும் கிளைகூட அங்கே முறுக்காக வளராது.

சமையலறைக் கழிவு, அடுப்புச் சாம்பல், உலர்ந்த புல் எல்லாம் சேர்த்து ஒரு குவியல் போடுங்கள். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும், பொட்டாசியமும் கொடுக்கும், ஆனால் கைப்பிடிக் கணக்கில்தான். ஐந்து பேர்ச்சுக்கு மூட்டைக் கணக்கில் உரம் வாங்கவே தேவையில்லை. இலை வெளுத்தால் மட்டும் கொஞ்சம் யூரியா.

மண்ணைச் சோதிக்க எங்கே போவது, எப்படி எடுப்பது?

மரக்கறி நிலம் என்றால் உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள், எங்கே அனுப்புவது என்று அவர் சொல்வார். தேயிலை என்றால் தேயிலை ஆராய்ச்சி நிலையம், அல்லது சிறு தேயிலைத் தோட்ட அதிகார சபையின் அலுவலர்.

மேலே கிடக்கும் குப்பையை விலக்கி, ஆறு அங்குல ஆழத்துக்கு, நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக எட்டுப் பத்து இடங்களில் எடுங்கள். எருக்குவியல் கிடந்த இடம், கான் ஓரம், பாதை ஓரம் வேண்டாம். சுத்தமான வாளியில் எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். உரச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒட்டியிருக்கும் உரமே முடிவைக் கெடுத்துவிடும். மேட்டு நிலமும் பள்ளமும் வேறு வேறு நிறமாக இருந்தால் தனித்தனிப் பைகள். அடுத்த போகத்துக்கு உரம் போடுவதற்கு முன், அறுவடை முடிந்த கையோடு எடுப்பதுதான் சரியான நேரம்.